போட்டி இல்லாத பாட்டு

யுகுலேலே என்பது நான்கு தந்திகள் கொண்ட சிறிய கிட்டார். 1879-இல் கரும்புத் தோட்ட வேலைக்காக மதீராத் தீவிலிருந்து ஹவாய்க்குக் கப்பலேறிய போர்த்துகீசியர் கொண்டுபோன வாத்தியத்திலிருந்து பிறந்தது. பிழைக்கப் போனவர்களின் வாத்தியம், நம்மைப் போல! இன்று பல நாடுகளில் மாதம் ஒருமுறை இதை வாசிக்கவென்றே கூடுகிறார்கள். மூன்று கார்டு தெரிந்தால் வாசிக்கலாம். அதுவும் தெரியாதவர் கூடவே பாடலாம்.

நம் சங்கத்திலோ பாட்டு என்றாலே போட்டி, நடுவர், பரிசு. பத்துப் பிள்ளைகள் மேடையில். மற்றவர்கள் பஜ்ஜிக்குக் காத்திருக்கிறோம். பரிசு கிடைக்காத பிள்ளை மறு வருஷம் வருவதில்லை. வீட்டிலும் இந்தியே பேசும் அந்தப் பிள்ளையின் வாயில் கொஞ்சமாவது தமிழ் புரள்வது பாட்டில்தான். அதையும் நாமே நிறுத்தலாமா? மாதம் ஒரு ஞாயிறு மாலை ஜமக்காளம் விரித்து, யுகுலேலேயோ ஆர்மோனியமோ, இருப்பதை வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து பாடலாம். செயற்குழு ஹால் சாவியைத் தரட்டும், மைக் வேண்டாம்.