விழும் பல்தானே என்று விட்டுவிடலாமா?

"விழுகின்ற பல்தானே, அதற்கேன் இவ்வளவு ஆரவாரம்?" இக்கேள்வியை நம் பெற்றோர் பலர் கேட்கக் கேட்டிருக்கின்றோம். சனிக்கிழமை வகுப்பிலே கன்னத்தைக் கையால் தாங்கியபடி, பாடத்தில் மனஞ்செல்லாது அமர்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றி எடுத்துரைக்கும்போதெல்லாம் பெரும்பாலும் இதுவே மறுமொழியாக வருகின்றது. இதிலே பாதி உண்மை உண்டு. பாற்பல் விழத்தான் போகின்றது. மற்றப் பாதியோ, வாழ்நாள் முழுவதும் பிள்ளையின் வாயில் இருக்கவேண்டிய பல்லொன்றையே பறித்துவிடக் கூடியது. ஊரிலே விஞ்ஞானம் கற்பித்த பழக்கத்தினால் இதனைச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

பாற்பல் பிள்ளை பிறந்தபின் உருவாகும் பொருளன்று. கருவின் ஆறாவது கிழமையளவிலேயே தாடையில் அதன் முளை தோன்றிவிடுகின்றது. பிறந்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் கீழ்த்தாடையின் நடுவிலே முதற்பல் எட்டிப் பார்க்கும்போது, நாம் பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையிலே சொரிந்து மகிழ்கின்றோம். இலண்டன் மாநகரின் அடுக்குமாடி வீடுகளிலும் இவ்வழக்கம் குன்றாதிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் உறவினரை அழைத்து வரவேற்ற அதே பல்லை, இரண்டு மூன்று ஆண்டுகளில் யாரும் கவனியாது விட்டுவிடுவது விந்தையிலும் விந்தை.

மூன்று வயதளவில் 20 பாற்பற்களும் முளைத்துவிடும். ஒவ்வொரு தாடையிலும் வெட்டும் பற்கள் நான்கு, வேட்டைப் பற்கள் இரண்டு, கடைவாய்ப் பற்கள் நான்கு. நிலைப்பற்களோ 32. அவற்றுள் முன்கடைவாய்ப் பற்கள் எனப்படும் எட்டும் பாற்பல் வரிசையில் இல்லாதவை. அவை பாற் கடைவாய்ப் பற்களின் இடத்திலேயே முளைக்கின்றன.

எண்ணிக்கையை விட அமைப்பிலுள்ள வேறுபாடே பெற்றோர் அறியவேண்டியது. பல்லைப் போர்த்திருக்கும் வன்மையான வெண்படைக்கு மிளிரி என்று பெயர். பாற்பல்லின் மிளிரி நிலைப்பல்லின் மிளிரியில் ஏறக்குறைய அரைவாசித் தடிப்பே உடையது. உள்ளே நரம்பும் குருதிக்குழாயும் தங்கும் குழியோ, பல்லின் பருமனோடு ஒப்பிடுகையில் பெரியது. எனவே பாற்பல்லில் விழுந்த சூத்தை வெகுவிரைவில் நரம்பைத் தொட்டுவிடும். மேலும், பாற் கடைவாய்ப் பல்லின் அகன்ற வேர்களுக்கு இடையிலேதான் அடுத்து வரவிருக்கும் நிலைப்பல் வளர்ந்துகொண்டிருக்கின்றது. மேலே உள்ள பல்லின் வேரில் சீழ் பிடித்தால் கீழே வளரும் பல்லின் மிளிரியும் பழுதுபடக் கூடும்.

விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "சேர், இதன் வேர் எங்கே?" என்று கேட்கும் மாணவர் உளர். நல்ல கேள்வி. கீழிருந்து நிலைப்பல் மேலெழும்போது பாற்பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைந்து உடலாலேயே உறிஞ்சப்படுகின்றது. பிடிப்பிழந்த பல் ஆடி விழுகின்றது. ஊரிலே அப்பல்லைக் கூரைமேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்டோம்; இங்கே தலையணையின் கீழ் வைத்துத் தேவதையிடம் காசு வாங்குகின்றார்கள். அணில் காசு கொடுத்ததில்லை என்பதே நம் தலைமுறையின் குறை. புதிதாக வரும் முன்பல் சற்று மஞ்சளாகவும், விளிம்பு வாள்போல் பற்கள் கொண்டதாகவும் இருப்பது கண்டு அஞ்சவேண்டியதில்லை; அதுவே அதன் இயல்பு.

இவ்வாறு தன் காலத்தில் விழும்வரை பாற்பல் அடுத்த பல்லுக்கு இடம்பிடித்து வைத்திருக்கின்றது. கடைவாய்ப் பாற்பல்லை முன்னதாகவே பிடுங்க நேர்ந்தால் அயற்பற்கள் அவ்விடத்துக்குச் சரிந்துவிடும். பின்னர் வரும் பல் இடமின்றிக் கோணி முளைக்கும்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. ஆறு வயதளவில், ஒரு பாற்பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் நான்கு பெரிய பற்கள் ஓசையின்றி முளைக்கின்றன. இவை எந்தப் பல்லுக்கும் பதிலாக வருபவை அல்ல; முதல் நிலைக் கடைவாய்ப் பற்கள். எதுவும் விழாதபடியால் வீட்டில் எவரும் இவற்றின் வரவை அறிவதில்லை. அறிந்தாலும் இதுவும் ஒரு பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். ஆழ்ந்த வரிப்பள்ளங்கள் உள்ள இப்பற்களில் உணவு எளிதில் தங்கும். இவை கெட்டுப் பிடுங்கப்பட்டால் அவ்விடத்தில் முளைப்பதற்கு வேறு பல் காத்திருப்பதில்லை. இன்றிரவே பிள்ளையை வெளிச்சத்தில் இருத்தி, நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிப் பாருங்கள்: வெட்டும் பல் இரண்டு, வேட்டைப் பல் ஒன்று, கடைவாய்ப் பல் இரண்டு. விழுந்த பல்லின் வெற்றிடத்தையும் சேர்த்து எண்ணுங்கள். அதற்கப்பால் ஆறாவதாக ஒன்று இருப்பின், அது உங்கள் பிள்ளை முதுமைவரை உண்ணவேண்டிய பல்.

தமிழாசிரியர் பல்லைப் பற்றி எழுதுவதேன் என்று சிலர் எண்ணலாம். எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கூறும் தொல்காப்பியப் பிறப்பியல் பல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்துள்ளது. தகரமும் நகரமும் நாவானது மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பவை; வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது. முன்பல் விழுந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை 'தந்தை' என்பதைச் சொல்லத் தடுமாறினால் அதனைக் கண்டிப்பது முறையன்று. பல் முளைத்ததும் ஒலி தானே திருந்தும். ஆனால், மாணவச் செல்வங்களே, ழகரம் அண்ணத்தில் பிறப்பது. அதற்குப் பல்லைச் சாட்டாதீர்கள்!

இங்கிலாந்திலே ஐந்து முதல் ஒன்பது வயதுவரையான பிள்ளைகள் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவதற்கான காரணங்களுள் முதலிடத்தில் நிற்பது சூத்தைப்பல் பிடுங்குதல் என்பது பல ஆண்டுகளாக வெளிவரும் செய்தி. மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்கப்படும் இப்பற்களிற் பெரும்பாலானவை காத்திருக்கக் கூடியவை. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குத் தேசிய சுகாதார சேவையில் பற்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. புதியவரை ஏற்கும் பல் வைத்தியரைக் கண்டுபிடிப்பது பல இடங்களிற் கடினம் என்பதை நாம் அறிவோம். அதனாலேயே வலி வருமுன் பதிந்துகொள்ள வேண்டும் என்கின்றோம். ஆறாம் வயதுப் பல்லின் பள்ளங்களை மெல்லிய பூச்சினால் அடைத்துவிடும் முறையும் உண்டு, வைத்தியரிடம் கேளுங்கள். ஏழு வயதுவரையேனும் பெற்றோர் அருகிருந்து, 1,000 பி.பி.எம். இற்குக் குறையாத புளோரைட்டு உள்ள பற்பசையால், உறங்கப் போகுமுன்னும் பகலில் இன்னொரு முறையும் துலக்குவித்தல் வேண்டும். துலக்கியபின் துப்பினாற் போதும், நீரால் கொப்பளிக்கத் தேவையில்லை. சீனி கலந்த பாலைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துப் பிள்ளையை உறங்கவைக்கும் வழக்கத்தைப் பாட்டிமார் மன்னித்துக் கைவிடுவார்களாக.

இறுதியாக நம் பள்ளியைப் பற்றியும் ஒரு சொல். இடைவேளை மேசையிலே சர்க்கரைப் பானமும், சரியான விடைக்கு ஆசிரியர் கையிலிருந்து ரொபியும் கிடைக்கின்றன. எவ்வளவு சீனி உண்கின்றோம் என்பதோடு எத்தனை முறை உண்கின்றோம் என்பதும் பல்லைப் பாதிக்கின்றது. ஒவ்வொரு முறையும் வாயில் அமிலம் ஊறி மிளிரியை அரிக்கின்றது. காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் நண்பகலுக்கும் நாமே இதனைச் செய்விக்கின்றோம். இனிப்பு இல்லாவிடின் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது சிலர் வாதம். ரொபிக்காக வரும் பிள்ளை ரொபி தீர்ந்ததும் போய்விடும். கதைக்காகவும் நண்பர்களுக்காகவும் வரும் பிள்ளையே உயர்வகுப்புவரை நிற்கின்றது. வரும் தவணையின் முதற் சனிக்கிழமையிலிருந்து அம்மேசைக்குத் தண்ணீரும் வாழைப்பழமும் அவித்த கடலையும் வரவேண்டுமென நிர்வாகசபையை வேண்டுகின்றோம். முதல் மாதத்துக்குப் பழம் வாங்கிவரும் பொறுப்பை நாமே ஏற்கின்றோம்.