‘அமெச்சூர்’ என்பது வசைச்சொல்லா?

கருத்தரங்குகளில் ஓர் ஆய்வை மட்டந்தட்ட வேண்டுமெனில் ‘அமெச்சூர்த்தனமானது’ என்கிறோம். நேசிப்பவர் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்தது இது. அதை ‘அரைகுறை’ என்று நாம் வழங்குவதில் பட்டம் பெற்றோரின் செருக்கும் கலந்திருக்கிறது.

1920இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ரஸ்ஸல் போர்ட்டர் தொலைநோக்கி செய்யக் கற்றுக்கொடுத்தார். கற்றவர்களுள் பெரும்பாலோர் இயந்திரத் தொழிற்சாலை ஊழியர். இரு கண்ணாடி வட்டுகளுக்கிடையே நீரும் கார்போரண்டம் தூளும் இட்டுக் கையால் தேய்த்தே குழியாடி செய்தனர். ஃபூக்கோ 19ஆம் நூற்றாண்டில் வகுத்த கத்திமுனைச் சோதனைக்கு ஒரு விளக்கும் ஒரு சவர அலகும் போதும். ஒளியின் அலைநீளத்தில் சிறு பங்கேயான பிழையும் நிழலாகத் தெரிந்துவிடும். அந்த நிழல் எவருடைய பட்டத்தையும் கேட்பதில்லை. பின்னாளில் பாலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கி வடிவமைப்புப் பணிக்கு அழைக்கப்பட்டவர்களுள் இதே போர்ட்டரும் ஒருவர்.

இவ்வரலாற்றை இனிய பழங்கதையாக மட்டும் நினைவுகூர்வதை நான் மறுக்கிறேன். கடையில் நல்ல தொலைநோக்கி கிடைக்கும் காலத்தில் ஆடி தேய்ப்பது வீண் என்பார்கள். இருக்கட்டும். ஆனால், தன் பிழையைத் தானே அளந்து, மீண்டும் தேய்த்து, மீண்டும் அளக்கும் ஒழுக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்?

நாமோ கருவியின் உள்ளமைப்பை அறியாமலே அது தரும் எண்ணை அட்டவணையில் இடுகிறோம். அதைப் பழுதுபார்க்கும் பணிமனை ஊழியரின் பெயர் பல வேளைகளில் நம் கட்டுரையின் நன்றியுரையில்கூட இடம்பெறுவதில்லை. இதில் அரைகுறை யார்?