செய்திக்கும் ஸனது கேட்போம்



2022 ஜனவரியில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், துறைமுக வீதித் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். அப்போதுதான் எங்கள் சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் பற்றிய ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. ஆங்கிலேயர் கட்டிவிட்டுப் போன 99 தாங்கிகளில் 61 தாங்கிகள் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு. 24 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு. இதுதான் செய்தி. ஆனால் கடை வாங்கில் கிடந்த ஒரு பத்திரிகைக்கு அது சாதனை. மற்றொன்றுக்கு அது நாட்டை விற்ற கதை. இன்னொன்றில் அது உள்பக்கத்து மூலையில் நாலு வரி. பக்கத்தில் இருந்த வயதான மீனவச் சகோதரர் என்னைப் பார்த்து, “ஹஸ்ரத், தாங்கி ஒன்றுதான். கதை மூன்றாக இருக்கிறதே! எதை நம்புவது?” என்று கேட்டார்.

“காக்கா, செய்தியைப் படிக்கும் முன் ஸனதைக் கேளுங்கள்” என்றேன். அவர் சிரித்தார். ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அரபுக் கல்லூரியில் ஹதீஸ் பாடம் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஹதீஸ் காதில் விழுந்ததும் நம் இமாம்கள் முதலில் கேட்ட கேள்வி, “என்ன சொன்னார்?” என்பதல்ல, “யார் சொன்னார்? யாரிடமிருந்து கேட்டார்?” என்பதே. அறிவிப்பாளர் நேர்மையானவரா, மறதிக்காரரா, இந்த விஷயத்தில் அவருக்கு ஏதும் இலாபம் இருக்கிறதா, அரண்மனை வாசலில் நிற்பவரா என்றெல்லாம் துருவித் துருவிப் பார்த்தார்கள்.

கியாஸ் இப்னு இப்ராஹீம் என்பவரின் சம்பவத்தை மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். அவர் அப்பாஸியக் கலீஃபா மஹ்தியிடம் போனபோது கலீஃபா புறாக்களோடு விளையாடிக்கொண்டிருந்தார். அம்பெய்தல், ஒட்டகம், குதிரை ஆகிய போட்டிகளுக்கே பரிசு உண்டு என்னும் கருத்துள்ள நபிமொழியை எடுத்துச் சொன்ன கியாஸ், கலீஃபாவை மகிழ்விக்க “இறக்கை” என்ற ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டார். கலீஃபா அவருக்குப் பரிசு கொடுத்து அனுப்பினார். அவர் முதுகைத் திருப்பியதும், “இது ஒரு பொய்யனின் பிடரி” என்று சொல்லி, அந்தப் பொய்க்குக் காரணமான புறாக்களை அறுக்கச் சொன்னார்.

ஒரே ஒரு சொல்! எஜமானின் முகத்தைப் பார்த்துச் சேர்த்த சொல். இன்று எத்தனை தலைப்புகளில் அந்த “இறக்கை” ஒட்டப்படுகிறது என்று சிந்தித்துப் பாருங்கள்.

நம் நாட்டுப் பத்திரிகைகளின் ஸனதைச் சற்றுப் பார்ப்போம். லேக் ஹவுஸை உருவாக்கியவர் டீ.ஆர். விஜயவர்தன. 1932இல் தொடங்கிய தினகரனும் அந்த இல்லத்துப் பிள்ளைதான். பிற்காலத்தில் விஜய நிறுவனத்தை நடத்தியவர் அவருடைய மகன். 1981இல் திவயின, ஐலண்ட் பத்திரிகைகளைத் தொடங்கிய உபாலி விஜயவர்தன அவருடைய சகோதரரின் மகன். ஆக, மூன்று பெரிய பத்திரிகை இல்லங்களின் வேரும் ஒரே குடும்பத்தில்!

ஒரு குடும்பத்தின் கையில் இவ்வளவு பலம் இருக்கலாகாது என்று சொல்லித்தான் 1973இல் லேக் ஹவுஸுக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 75 சதவீதப் பங்குகள் அரசின் சார்பில் எடுக்கப்பட்டன. அவை பின்னர் பொதுமக்களிடையே பரவலாக்கப்படும் என்பதே எண்ணம். நடந்தது என்ன? பங்குகள் மக்களிடம் வரவில்லை. ஆட்சிக்கு வந்த ஒவ்வொரு கட்சியும் அதைத் தன் ஊதுகுழலாக்கிக்கொண்டது. முதலாளியின் பூட்டை உடைத்து அரசாங்கத்தின் பூட்டைப் போட்டதுதான் மிச்சம்.

1990களில் தனியார் வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. பல குரல்கள் கேட்கும் என்று மகிழ்ந்தோம். ஆனால் நம் வீடுகளில் ஒலிக்கும் சக்தியும் சிங்கள வீடுகளில் ஒலிக்கும் சிரசவும் ஒரே நிறுவனத்தின் சொத்து. சூரியனும் ஹிருவும் அப்படியே. குரல் பல, தொண்டை ஒன்று.

செல்வம் உங்களிலுள்ள பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பது ஸூரத்துல் ஹஷ்ரின் 7ஆம் வசனம் தரும் பாடம். தானியத்தைப் பதுக்குபவனைப் பாவி என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அரிசியைப் பதுக்கினால் வயிறு காயும். செய்தியைப் பதுக்கினால் சமூகத்தின் அறிவு காயும்.

அதன் விலை என்ன என்பதை நாம் 2019இல் கண்டோம். அவ்வாண்டு மே 23ஆந் திகதி, முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்று திவயின முதற்பக்கத்தில் எழுதியது. குருநாகல் டொக்டர் ஷாபி கைது செய்யப்பட்டார். மற்ற ஊடகங்களும் அதே கதையை இரவு பகலாக ஓதின. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் கூறியது. ஜூலையில் அவர் பிணையில் வந்தார். ஆனால் என்னிடம் ஓதிய பிள்ளை ஒருவர் இங்கே முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். பல வருடங்களாக அவர் வண்டியில் போய்வந்த சிங்களக் குடும்பம் அந்த மாதம் ஏறுவதை நிறுத்தியது. ஆதாரம் இல்லை என்ற செய்தி அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. பொய்க்குக் கிடைத்த முதற்பக்கம் உண்மைக்குக் கிடைப்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2006 ஜனவரி 2ஆந் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் குண்டு வெடித்து இறந்தார்கள் என்று கூறப்பட்டது. இல்லை, சுடப்பட்டார்கள் என்பதைக் காட்டும் படங்களை எடுத்தவர் ‘சுடர் ஒளி’யின் பிராந்திய நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆந் திகதி அவரும் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பெரிய அலுவலகமோ பெரிய சம்பளமோ இல்லாத ஓர் ஊர் நிருபர், கண்டதைக் கண்டபடி சாட்சி சொன்னார். உண்மையான அறிவிப்பாளர் என்றால் இப்படித்தான்.

“எங்களுக்குப் பத்திரிகை எதற்கு ஹஸ்ரத், கைத்தொலைபேசி இருக்கிறதே” என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அங்கே முதலாளி இல்லையா? பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஒரே கம்பனி. 2018இல் திகன எரிந்தபோது வெறுப்பைப் பரப்பிய கருவிகளில் பேஸ்புக்கும் ஒன்று. 2020இல் அந்நிறுவனம் அதற்காக மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகளை மன்னிப்பு கட்டித் தருமா?

அப்படியானால் ஒரு குடும்பம் என்ன செய்யலாம்? வீட்டில் ஒரு செய்தியைப் பற்றிப் பேசும்போது, “இதைச் சொல்பவர் யார்? இதில் அவருக்கு என்ன இலாபம்?” என்று பிள்ளைகளைக் கேட்கப் பழக்குங்கள். முக்கியமான விஷயமானால், வேறு முதலாளியின் பத்திரிகை ஒன்றையும் பாருங்கள். ஊர் நிருபர் சரியாக எழுதினால் நாலு வரி பாராட்டு அனுப்புங்கள். தவறாக எழுதினால் ஆதாரத்தோடு மறுப்பு அனுப்புங்கள். கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற நபிமொழியின் கருத்தை, வட்ஸ்அப்பில் விரல் வைக்கும் முன் நினைவுகூருங்கள். நம் சமூகத்துப் பொய்யும் பொய்தான். அதற்கு ஹலால் முத்திரை இல்லை.

இந்தப் பக்கத்தை எழுதும் என்னையும் இதை வெளியிடும் இவ்விதழையும் அதே தராசில் வையுங்கள். ஸனது கேட்கப்படுவதை உண்மை பேசுபவன் வெறுக்கமாட்டான்.

தேநீர்க் கடைக் காக்கா இப்போதும் என்னைக் கண்டால், பத்திரிகையை உயர்த்திக் காட்டி, “ஹஸ்ரத், இன்றைக்கு யாருடைய புறா?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் கேட்கட்டும்.

தீயவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத்தில் கட்டளையிட்ட அல்லாஹ், உண்மையை உண்மையாகக் காணும் பார்வையை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.