மறுதாம்பு யாருக்கு?

சினிமாவைப் பற்றி எழுத இந்தப் பத்திரிகையில் இடம் ஏது என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் கெங்குவார்பட்டியில் மாந்தோப்பு வேலை முடித்துவிட்டு டீக்கடைக்கு வரும் வாலிபர்கள் பேசுவது பெரும்பாலும் சினிமாதான். அதிலும் எந்தப் படம் ஓடினாலும், “ரெண்டாம் பாகம் எப்போ?” என்பதுதான் முதல் கேள்வி. ஜனங்கள் பேசுவதை நாம் பேசாமல் இருப்பதற்கில்லை.

இரண்டாம் பாகம் என்பது என்ன? கரும்பு போட்ட விவசாயிக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு தடவை நட்டு வெட்டிய பிறகு, அதே கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கிறது. விதைக்கரணைச் செலவில்லை, புது நடவு இல்லை. முதல் படம் சம்பாதித்த பெயர்தான் அந்தக் கட்டை. அதைக் காட்டியே முதலாளி இரண்டாவது அறுவடைக்கு வலை விரிக்கிறார். சரி, கட்டையை ஊன்றியவர்களுக்கு மறுதாம்பில் என்ன கிடைத்தது?

‘எந்திரன்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 2010 அக்டோபர் 1-ந் தேதி அது வெளிவந்தது. ‘சிட்டி’ என்ற இயந்திர மனிதன் ரஜினிகாந்தின் முகத்தோடு நாடெங்கும் பிரபலமானான். அவனுக்கு வசனம் எழுதியவர்களில் ஒருவரான சுஜாதா, படம் வருவதற்கு முன்பே, 2008-லேயே காலமாகிவிட்டார். ஒளிப்பதிவு ரத்னவேலு, அரங்க நிர்மாணம் சாபு சிரில். அவர் அதற்குத் தேசிய விருதும் பெற்றார். எட்டு வருஷம் கழித்து, 2018 நவம்பர் 29-ந் தேதி, ‘2.0’ என்ற பெயரில் அதே சிட்டி மறுபடி வந்தான். இப்போது ஒளிப்பதிவு நீரவ் ஷா, கலை முத்துராஜ். அவர்கள் திறமைசாலிகள், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சிட்டிக்கு முதலில் உருவம் கொடுத்த எத்தனையோ தச்சர்கள், பெயிண்டர்கள், லைட்மேன்கள் அன்றைய பேட்டாவோடு வீட்டுக்குப் போனவர்கள்தான். சிட்டியின் பெயர் மட்டும் முதலாளியின் பெட்டிக்குள் போயிற்று.

அந்த இரண்டாம் படத்தின் செலவு 500 கோடிக்கும் மேல் என்று பத்திரிகைகள் எழுதின. 2017 அக்டோபரில் பாட்டு வெளியீட்டு விழாவைத் துபாயில் நடத்தினார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. செல்போன் கோபுரங்களால் பறவைகள் சாகின்றன என்று கதை சொன்ன இந்தப் படத்துக்குப் பணம் போட்ட லைக்கா, செல்போன் வியாபாரத்தில் வளர்ந்த கம்பெனி! படம் வெளிவரும் சமயத்தில் செல்போன் கம்பெனிகளின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் புகார் கொடுத்தது. முதலாளிக்கு முதலாளி சண்டை. நமக்கு இங்கே அது முக்கியமல்ல.

நமக்கு முக்கியம் திரைக்குப் பின்னால் இருந்த கைகள். இந்தப் படத்தை இரட்டை லென்ஸ் காமிராவால் நேரடியாகவே முப்பரிமாணத்தில் எடுத்தார்கள். அது என்ன வேலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. முப்பரிமாணம் என்றால் இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று, ஆக 48. ஒரு நிமிஷத்துக்கு 2,880. கயிற்றில் தொங்கும் நடிகர் பறப்பதாகக் காட்ட வேண்டுமானால், அத்தனை படங்களிலும் அந்தக் கயிற்றை அழிக்க வேண்டும். நடிகரின் தலைமுடியை ஓரம் ஓரமாக வரைந்து பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் கொஞ்சம் உதவும்; ஆனால் மணிக்கணக்காகக் கண்ணைத் திரையில் ஊன்றி, கோணல் வந்த இடத்தை நேராக்குபவன் மனிதன்தான். நம் வட்டாரத்திலிருந்து சென்னைக்குப் போன பையன் ஒருவன் இதே மாதிரி வேலையில், வேறொரு இடத்தில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது சொன்னான்: “எங்களுக்குப் பகல் ராத்திரி கிடையாதுண்ணே. தேதி நெருங்கினா ஆபீஸ்லயேதான் படுக்கை.” ஓவர்டைம் உண்டா என்று கேட்டோம். சிரித்தான்.

இந்த வேலை உலகெங்கும் இப்படித்தான் நடக்கிறது. ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிய ‘ரிதம் அண்ட் ஹ்யூஸ்’ நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவாலாயிற்று. அதே மாதம் அந்தப் படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது. உள்ளே பரிசு, வெளியே தெருவில் தொழிலாளர்கள் ஆர்ப்பாட்டம்.

அரங்கத் தொழிலாளியின் நிலை இன்னும் கொடியது. ‘2.0’ எடுத்த அதே டைரக்டரும் அதே கம்பெனியும் ‘இந்தியன்’ படத்துக்கு இரண்டாம் பாகம் எடுத்தபோது, 2020 பிப்ரவரி 19-ந் தேதி சென்னைக்கு வெளியே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் மாண்டார்கள். பிறகு உதவித்தொகை கொடுத்தார்கள். கிரேன் சாயாமல் பார்த்துக்கொள்ள முன்பே செலவு செய்திருக்கலாமே என்றுதான் நாம் கேட்கிறோம்.

பங்கு கேட்பது நடக்கக்கூடிய காரியமா என்று சிலர் சந்தேகப்படுவார்கள். 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும், கொட்டகையில் படத்தோடு ஓடுவது நீங்கலாக மற்ற உபயோகங்களில் ராயல்டிப் பங்கு உண்டு. முதலாளி அதை எழுதி வாங்கிக்கொள்ளக்கூட முடியாது. பாட்டுக்கு உண்டென்றால், சிட்டியின் தலையைச் செய்தவனுக்கு ஏன் இல்லை? அமெரிக்காவில் 1960-லேயே நடிகர்களும் எழுத்தாளர்களும் வேலைநிறுத்தம் செய்து, படம் டெலிவிஷனில் மறுபடி ஓடினால் பங்கு என்று வாங்கினார்கள். அப்போது நடிகர் சங்கத் தலைவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் ஜனாதிபதியாகித் தொழிற்சங்கங்களை ஒடுக்கிய ரொனால்ட் ரீகன்தான்! 2023-ல் அதே சங்கங்கள் மறுபடி மாதக்கணக்காகப் போராடின. தங்கள் உருவத்தை ஒரே ஒரு நாள் ஸ்கேன் எடுத்து, ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிட்டு, பிறகு இயந்திரத்தை வைத்தே நடிக்க வைப்பார்களோ என்பது துணை நடிகர்களின் பயம். ரஜினியின் முகத்தோடு இயந்திரம் நடமாடிய கதை அவர்கள் விஷயத்தில் கதையாக இல்லை.

நம் நாட்டிலும் வழிகாட்டிகள் இல்லாமலில்லை. ‘பாதை தெரியுது பார்’ படத்தை 1960-ல் தந்த நிமாய் கோஷும் எம்.பி.சீனிவாசனும்தான் சென்னை ஸ்டுடியோக்களில் தொழிலாளர்களை ஒன்று சேர்க்கப் பாடுபட்டார்கள். இன்று பெப்சியில் இருபதுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் கயிறு அழிக்கும் பையன்களில் பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் இல்லை. அவர்களைச் சேர்ப்பது முதல் வேலை. அடுத்து, இரண்டாம் பாகம் எடுப்பவர்கள் முதல் பாகத் தொழிலாளர்களின் சேமநிதிக்கு வசூலில் இத்தனை சதவிகிதம் கட்ட வேண்டும் என்று சம்பள ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து எழுத வேண்டும். அது எத்தனை சதவிகிதம் என்பதைப் பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.