ஆபிரிக்கப் பயணத்தில்: நியமாட்டா தேவாலயம்



ருவாண்டாவின் தலைநகர் கிகாலியிலிருந்து தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரத்தில் நியமாட்டா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கத்தோலிக்க தேவாலயத்தில் இப்போது பூசை நடப்பதில்லை. அது ஒரு நினைவாலயம். நான் போனபோது வாங்குகளின் மேல் உடுப்புகள் குவிந்து கிடந்தன. 1994 ஏப்ரலில் அங்கே கொல்லப்பட்டவர்களின் உடுப்புகள் அவை. துளைபட்ட தகரக் கூரையினூடாக வெளிச்சம் விழுந்தது.

அந்த ஆண்டில் ஏறக்குறைய 100 நாட்களில் சுமார் 8 இலட்சம் பேர் அந்நாட்டில் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் துட்சி இனத்தவர். கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் பேசியது ஒரே மொழி. பலர் கும்பிட்டதும் ஒரே கோயிலில். 1930களில் பெல்ஜிய ஆட்சியாளர் அடையாள அட்டையில் இனத்தைப் பதியும் வழக்கத்தைக் கொண்டுவந்தனர். 1994இல் வீதித் தடைகளில் அந்த அட்டையே பலருடைய உயிரைத் தீர்மானித்தது.

1992இல் கலவரம் வந்தபோது இந்தத் தேவாலயத்துக்குள் ஓடிவந்தவர்கள் உயிர் தப்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் இரண்டு வருடங்களின் பின்னரும் வந்தார்கள். கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அடைக்கலம் புகுந்த நமக்கு அந்த நம்பிக்கையை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கடவுள் அப்போது எங்கே இருந்தார்? இந்தக் கேள்வியை அவமரியாதை என்று நான் நினைக்கவில்லை. தேவாலயத்தின் பக்கத்தில் அன்டோனியா லொக்காட்டெல்லி என்ற இத்தாலியப் பெண்ணின் கல்லறை இருக்கிறது. 1992இல் அங்கு நடந்த கொலைகளை வெளிநாட்டு வானொலிகளுக்குச் சொன்னதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர். உண்மையைச் சொல்லும் துணிவும் ஒரு வழிபாடுதான் என்று எனக்கு அங்கே பட்டது.

அந்தத் துணிவு தப்பிப் பிழைத்த பெண்களிடமும் இருந்தது. 1995இல் கணவரை இழந்த 50 பெண்கள் கூடி ‘அவேகா’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். தன்சானியாவின் அரூஷாவில் நடந்த சர்வதேச நீதிமன்றத்தில் பெண்கள் தமக்கு நேர்ந்ததைச் சாட்சியாகச் சொன்னார்கள். அதனால் 1998இல், பாலியல் வன்முறையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று முதன்முறையாகத் தீர்ப்பு வந்தது. 1999இல் வந்த சட்டம் பெண்பிள்ளைகளுக்கும் தகப்பனின் காணியில் சம உரிமை கொடுத்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. 2012 வரை நடந்த ‘கச்சாச்சா’ எனும் ஊர் நீதிமன்றங்களில், அயலவர்களுக்கு முன்னால் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லவேண்டியிருந்தது. வென்ற படையினர் செய்த கொலைகளை அந்த மன்றங்கள் விசாரிக்கவில்லை. அந்தக் கொலைகளில் பிள்ளைகளை இழந்த தாய்மாரும் அந்நாட்டில் இருக்கிறார்கள். ஒருவருடைய கண்ணீருக்கு இடம் கொடுத்து மற்றவருடையதை மறைத்தால் ஆறுதல் அரைவாசிதான்.

சகோதரிகளே, அந்த உடுப்புகளுக்கு உரியவர்கள் யார் என்று சொல்ல, பலருக்கு ஒருவரும் மிஞ்சவில்லை. நாம் மிஞ்சியிருக்கிறோம். இழந்தவர்களின் பெயர், ஊர், திகதி, கடைசியாகக் கண்ட இடம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத முடியாத அம்மாவுக்குப் பக்கத்துவீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். பின்னர் அதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.