ஒரு மில்லிமீட்டர் மரியாதை

புதுக் காமிரா வெளிவந்திருக்கிறது என்ற அறிவிப்பைப் பார்த்ததும் நமக்கு உண்டாவது சந்தோஷம் அல்ல, பயம். அதன் காரணம் நம் வீட்டு மேஜைமேல் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு காமிராவும் இரண்டு லென்ஸுகளும் வாங்கினோம். நான்கு வருஷம் ஆவதற்குள் அந்தக் கம்பெனியார் லென்ஸ் மாட்டும் வாயின் அமைப்பையே மாற்றிவிட்டு, பழைய வகைக்கு முழுக்குப் போட்டுவிட்டார்கள். பிறகு ஒரு நாள் காமிராவும் கண்ணை மூடிற்று. லென்ஸுகளில் ஒரு கீறல்கூட இல்லை, மாட்டத்தான் இடமில்லை. இப்பொழுது அவற்றில் ஒன்று, பரீட்சைத் தாள்கள் காற்றில் பறக்காமல் காக்கும் உத்தியோகம் பார்த்து வருகிறது.

ஆகையால், இத்தகைய அறிவிப்புகளில் நாம் முதலில் தேடுவது ஒன்றுதான்: பழைய லென்ஸ் இதில் பொருந்துமா? இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாக நல்ல பதில் சொல்லி வருபவர்கள், ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைகா காமிராக்காரர்கள்.

மைக்ராஸ்கோப் செய்து பெயர் பெற்ற லைட்ஸ் கம்பெனியில் 1911-ல் வேலைக்குச் சேர்ந்தவர் ஆஸ்கர் பார்னாக். அவருக்கு ஆஸ்துமா உபத்திரவம். அந்நாளிலோ காமிரா என்பது பெட்டியும் கண்ணாடித் தகடுகளும் முக்காலியுமாக ஒரு சிறு குடித்தனம். அதைச் சுமக்க மாட்டாத அந்த மனிதர், சினிமாப் பிலிமில் படம் பிடிக்கும் கையடக்கமான காமிரா ஒன்றை 1914-ல் செய்து பார்த்தார். அதன் படம் 24 × 36 மில்லிமீட்டர். 1925-ல் லைப்ஸிக் சந்தையில் லைகா ஜனங்களின் பார்வைக்கு வந்தது.

1930-க்குப் பிறகு வந்த லைகாக்களில் லென்ஸைத் திருகிக் கழற்றி மாற்றலாம். 1954-ல் எம்3 என்ற புதுக் காமிரா வந்தபோது திருகாணி வாய் போய்விட்டது. லென்ஸை வைத்துச் சற்றே திருப்பினால் போதும், 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். அப்படியானால் பழைய லென்ஸுகளின் கதி?

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. லென்ஸ் உட்காரும் இடத்திற்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் இம்மி பிசகினாலும் படம் மங்கிவிடும். பழைய காமிராவில் அந்தத் தூரம் 28.8 மில்லிமீட்டர். புதியதில் 27.8 என்று வைத்தார்கள். இடையே உள்ள அந்த ஒரு மில்லிமீட்டர் கனத்திற்கு ஒரு வளையம் செய்து கொடுத்தார்கள். வளையத்தை மாட்டினால் பழைய லென்ஸ் பழையபடியே வேலை செய்யும். வாங்கியவன் பணத்திற்குக் காட்டிய மரியாதை என்று அந்த ஒரு மில்லிமீட்டரை நாம் மதிக்கிறோம்.

1954-ல் வைத்த வாயை அவர்கள் பிறகு மாற்றவில்லை. 2006-ல் எம்8 வந்து பிலிமை நீக்கிற்று. 2022-ல் எம்11 வந்தது. 2025-ல் வந்த எம் ஈவி1, இரு பிம்பங்களை ஒன்றாக்கித் தூரம் கணிக்கும் ரேஞ்ச்பைண்டரையே விட்டுவிட்டது. பழைய பக்தர்கள் முகம் சுளிக்கத்தானே செய்வார்கள்! ஆனால் வாய் மட்டும் அதேதான். தாத்தா வாங்கிய லென்ஸுகளில் பெரும்பாலானவை பேரன் காமிராவில் பொருந்தும். 2021-ல் மறுபடி வெளியிட்ட நாக்டிலக்ஸ் லென்ஸையோ 1954-ம் வருஷத்துக் காமிராவிலும் மாட்டலாம். மாமியாரும் மருமகளும் இவ்வளவு இணக்கமாக ஒரே வீட்டில் வாழ்வதை நாம் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

'இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு அல்லவா?' என்று வாசகர்கள் கேட்கலாம். வாஸ்தவம், வெளிவந்தபோது எம்11 அமெரிக்காவில் ஏறக்குறைய 9,000 டாலர் விலை. உபாத்தியாயர் வீட்டுப் பக்கம் அது எட்டிப் பார்க்காது. ஆனால் மரியாதைக்கு அவ்வளவு விலை இல்லை. ஜப்பானிய நிக்கான் கம்பெனியார் 1959 முதல் வைத்திருந்த வாயை விட்டு 2018-ல் வேறு வாய்க்கு மாறியபோது, பழைய லென்ஸுகளை மாட்டுவதற்கான இணைப்பையும் கூடவே அறிவித்தார்கள். வேண்டியது மனம், தொழில் வித்தை அதன் பின்னே தானே வரும்.

அடுத்த தடவை கடைக்காரர் மெகாபிக்ஸல் கணக்கை ஒப்பிக்கத் தொடங்கினால், சற்று நிறுத்தி, "பழையது இதில் பொருந்துமா? இது நாளை வருவதில் பொருந்துமா?" என்று கேளுங்கள். நாம் அன்று கேட்கவில்லை. அதனால்தான் பரீட்சைத் தாள்களுக்கு அவ்வளவு உயர்ந்த காவல்.