பட்டாளத்துப் பாட்டனார்

தம் குலத்தின் பூர்வ விருத்தாந்தத்தைத் தேடப் புகுவோர் பெரும்பாலும் அரசனையோ பிரபுவையோ நாடியே புறப்படுகின்றனர். அமெரிக்காவிலும், கனடாவிலும், ஆஸ்திரேலியாவிலும் வாழும் ஐரிஷ் சந்ததியாரிடையே இவ்வாசை மிகுதி. தம் குடும்பப் பெயர் பழைய சிற்றரசர் ஒருவரின் பெயரை ஒத்திருக்கக் கண்டமாத்திரத்தில், கேடயச் சின்னமொன்றை விலைக்கு வாங்கிச் சுவரில் மாட்டித் திருப்தியடைவாரும் உளர். அத்தகைய சின்னம் ஓர் ஆளுக்கு அளிக்கப்படுவதேயன்றி ஒரு பெயருக்கு அளிக்கப்படுவதன்று என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. நாமோ, வயிற்றுப் பிழைப்பிற்காகப் பட்டாளத்திற் சேர்ந்து கடல் கடந்த சாதாரணச் சிப்பாயே தேடுதற்குரிய பாட்டனார் என்றும், அவரைப்பற்றிக் கிடைப்பது எதுவாயினும் அதனை மறையாது ஏற்றலே முறையென்றும் கருதுகின்றோம்.

அயர்லாந்தின் ஏடுகளுக்கு நேர்ந்த கேடு வேறெந்தத் தேசத்து ஏடுகளுக்கும் எளிதில் நேர்ந்திராது. 1922-ஆம் வருஷம் ஜூன் மாதம் 30-ஆம் தேதி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரத்து நீதிமன்றக் கட்டடத்தை அடுத்திருந்த பொதுத் தஸ்தாவேஜு நிலையம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிக்கணக்குகளிற் பெரும்பாலன அங்கே சாம்பலாயின. 1861, 1871 கணக்குகளை அரசாங்கத்தாரே முன்னம் அழித்துவிட்டனர்; 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க்காலத்திற் காகிதக் கூழாயின. ஆகவே 1901-ஆம் வருஷத்திற்கு முற்பட்ட கணக்கு ஒன்றேனும் முழுமையாக எஞ்சவில்லை.

இந்நிலையிற் பட்டாளத்துப் பாட்டனாரே பெருந்துணையாகின்றார். உபகாரச் சம்பளம் பெற்று விலகிய சிப்பாய்களின் விடுதலைப் பத்திரங்கள், 1760 முதல் 1913 வரையுள்ளவை, இலண்டனைச் சார்ந்த கியூ என்னுமிடத்து ஆவணக்களரியில் உள்ளன. அவன் பிறந்த கோயிற்பற்று, அதற்கு அணித்தாகிய ஊர், மாவட்டம், வயது, உயரம், கண்ணின் நிறம், மயிரின் நிறம், முன் செய்த தொழில், விலகியதன் காரணம் ஆகிய யாவும் அவற்றிற் குறிக்கப்பட்டிருக்கும். கப்பலேறிய குடியானவனுக்கோ பிரயாணிகள் ஜாபிதாவில் "அயர்லாந்து" என்ற ஒரு சொல்லே பல சமயங்களிற் கிடைத்த பிறப்பிடம். அறுபதினாயிரத்திற்கு மேற்பட்ட சிற்றூர்ப் பிரிவுகளையுடைய நாட்டில் அச்சொல்லைக் கொண்டு யாது செய்வது? கோயிற்பற்றின் பெயர் தெரிந்தாலன்றோ 1847 முதல் 1864 வரை எழுதப்பட்ட கிரிபித் என்பவரது நிலமதிப்பேட்டையும், 2015-இல் தேசியப் புத்தகசாலையார் இணையத்தில் யாவர்க்கும் திறந்துவைத்த கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவுகளையும் புரட்ட வழியுண்டாகும்! சொந்த நாடு இழந்ததைக் கூலி கொடுத்தவன் காத்துவைத்தான்.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். சேவையிலேயே மாண்டவனுக்கும், ஓடிப்போனவனுக்கும் பழைய கட்டுகளிற் பத்திரம் இராது. அவர்களைச் சம்பளப் பட்டிகளிலேயே தேடல் வேண்டும். எழுத்தறியாதவன் சிலுவைக்குறி இட்டான். குமாஸ்தா தன் செவிக்கு எட்டியவாறு பெயரை எழுதினான். குலப்பெயரின் முன்னின்ற "ஓ" ஓரிடத்தில் நிற்கும், ஓரிடத்தில் மறையும். ஒரே எழுத்துக்கோவையை நம்பித் தேடுபவன் தன் பாட்டனாரைக் கடந்து போய்விடுவான்.

1830-ஆம் வருஷத்திற் பிரிட்டிஷ் சேனையில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர் ஐரிஷ்காரர்; ஐக்கிய இராஜ்யத்தின் ஜனத்தொகையிலோ அவர்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே. இராஜபக்தி இவ்வளவினரைச் சேர்த்ததென்று நாம் நம்பவில்லை. துண்டுபட்ட நிலமும், கொடுக்கவொண்ணாக் குத்தகையுமே சேர்த்தன. அதற்கு முன்னரும் 1691-இல் லிமரிக் உடன்படிக்கைக்குப்பின் பதினாலாயிரம் வரையிலான வீரர் பிரான்சு தேசஞ் சென்றனர். "காட்டு வாத்துகள்" என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். அவ்வழி வந்த ஒருவரைத் தமிழ்நாடு நன்கறியும். 1760-ஆம் வருஷம் ஜனவரி 22-ஆம் தேதி வந்தவாசியிற் பிரெஞ்சுச் சேனையை நடத்திய லாலி, கால்வே மாவட்டத்து ஐரிஷ் குடும்பத்தவர்; அவரை முறியடித்த அயர் கூட்டோ லிமரிக் மாவட்டத்தில் தோன்றியவர். இரு வல்லரசுகளுக்காக ஐரிஷ் தலைவர் இருவர் நம் மண்ணிற் பொருதனர்! தோற்ற லாலியை 1766-இற் பாரிஸ் நகரிற் சிரச்சேதம் செய்தனர்.

அன்னிய ஆட்சிக்கு உட்பட்ட ஒரு ஜாதியார், மற்றொரு ஜாதியாரை அடக்கத் துப்பாக்கி ஏந்தினாரே, அவரைத் தேடிப் போற்றுவதா என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானதே. தேடுதல் வேறு, போற்றுதல் வேறு என்பதே நம் விடை. கன்னாட் ரேஞ்சர்ஸ் என்னும் பட்டாளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முன்னோராகிய 88-ஆம் ரெஜிமெண்டார் 1857-இல் இந்தியக் கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டவர். அதே பட்டாளத்தார் 1920-இல் ஜலந்தரில், தம் தாய்நாட்டில் நடக்கும் கொடுமையைக் கேட்டு ஆயுதந் தரிக்க மறுத்தனர். ஜேம்ஸ் டாலி என்னும் இளைஞர் அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் தேதி சுடப்பட்டு இறந்தார். இவ்விரண்டிலொன்றை மட்டும் பேரனுக்குச் சொல்லுபவன் சரித்திரஞ் சொல்பவனல்லன். முதல் உலகப் போரில் ஐரிஷ்காரர் இரண்டு லக்ஷத்திற்கு மேற்பட்டோர் சேவித்தனர். மீண்டவர்களிற் பலர் சுதந்தர அயர்லாந்தில் வாய் திறவாது வாழ்ந்தனர். பதக்கங்கள் பெட்டிக்கடியிற் கிடந்தன. அம்மௌனத்தையும் நாம் நியாயமென்று கொள்ளோம்.

நம்மை அதிகம் வருத்துவது மற்றொரு குறை. டப்ளின் பியூசிலியர்ஸ் பட்டாளம் கும்பினியாரின் சென்னை ஐரோப்பியப் படையை வேராகக் கொண்டது. 1922 ஜூலை 31-இற் கலைக்கப்பட்டது. அப்பழைய படையாட்களின் விவாகங்களும் பிள்ளைகளின் ஞானஸ்நானங்களும் இங்குள்ள குருமாரால் எழுதப்பெற்று, அவற்றின் பிரதிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் புத்தகசாலையில் உள்ளன. தந்தையின் பெயர், பதவி, பட்டாளம் முதலியன அங்கே செவ்வனே இருக்கும். தாய் இந்தியப் பெண்ணாயின், பல இடங்களில் ஞானஸ்நானப் பெயரொன்றே இருக்கும்; சிலவிடங்களில் அதுவுமின்றி வெற்றிடமே இருக்கும். அவள் எவ்வூராள், யார் மகள் என்று எழுதுவாரில்லை. சந்ததியார் தந்தையின் வழியே சென்று கால்வேயையும் கார்க்கையும் கண்டு மகிழ்ந்து, தாயின் வழியைப் பற்றி ஒரு கேள்வியும் கேளாது வம்சாவளியை முடித்துவிடுகின்றனர். பெயர் தெரியாவிடினும் அவளுக்குரிய கட்டத்தை வரைந்து வெறுமையாகவேனும் விட்டுவைத்தல் அவர்கள் கடன் என்போம்.

பரங்கிமலையிலும் திருச்சிராப்பள்ளியிலும் பட்டாளத்தாரின் பழங் கல்லறைகள் உள. விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர் இருவர் மூவர் ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டு, மழையால் தேய்ந்துவரும் எழுத்துகளை, மனைவியர் பெயர்களையும் விடாது, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருவாராயின், அடுத்த ஆண்டு மலரில் அவற்றை அச்சிட நாம் இடம் தேடித் தருவோம்.